சீப்பை ஒளித்த சிறுமி

2023ஆம் ஆண்டு என் தமக்கையாருக்கு மார்பகப் புற்றுநோய் என்று வைத்தியர்கள் கூறினர். அப்பொழுது அவருடைய மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நான்கு. தெல்லிப்பழை வைத்தியசாலையிற் சிகிச்சை தொடங்கிற்று. முதல் மருந்து ஏற்றிய அன்று, தாதி ஒருவர் எம்மை அழைத்து, இரண்டு மூன்று வாரங்களில் தலைமயிர் உதிரத் தொடங்கும் என்றும், அதனைப் பிள்ளைகளுக்கு முன்னரே சொல்லிவிடுவது நல்லது என்றும் அறிவுரை கூறினார். "பிஞ்சு மனங்கள், அவர்களுக்கு ஏன் இது?" என்று அதனைத் தடுத்தவன் நான், குழந்தை உளவியலை ஒரு பாடமாகப் பயின்று பரீட்சையிலே நல்ல புள்ளியும் பெற்ற ஆசிரியன்!

அம்மாவுக்குக் காய்ச்சல் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தோம். தலையணையில் உதிர்ந்து கிடக்கும் மயிரை அவர்கள் விழிக்குமுன் அக்கா பொறுக்கி எடுத்துவிடுவார். பகலெல்லாம் முக்காட்டுடனேயே இருப்பார்.

ஆனால், மாலைவேளைகளில் தாயின் கூந்தலை வாரி விளையாடுவது என் மருமகளின் வழக்கம். ஒருநாள் கற்றையாக மயிர் சீப்போடு வந்துவிட்டது. அவள் எவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் வீட்டிற் சீப்பைக் காணவில்லை. தன் தலையையும் எவரையும் வாரவிடாமல், சிக்குப்பிடித்த தலையோடு பள்ளிக்கூடம் போய் ஆசிரியையிடம் ஏச்சு வாங்கினாள். நாங்கள் அதற்குப் பிடிவாதம் என்று பெயர் வைத்தோம். ஒரு வாரத்தின் பின், அவளது உடுப்புப் பெட்டியின் அடியிற் சீப்பைக் கண்டெடுத்துக் காரணம் கேட்டேன்.

"மாமா, நான் இறுக்கி இழுத்திட்டன். அதாலைதானே அம்மான்ரை தலைமயிர் கொட்டினது?"

ஒரு வாரமாக அந்தக் குழந்தை சுமந்த குற்றவுணர்வுக்கு எங்கள் மௌனமே காரணம். உண்மையைச் சொல்லாத இடத்திற் குழந்தை சும்மா இருப்பதில்லை. தானே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்கிறது. அந்தக் காரணம் பெரும்பாலும் தன் குழப்படியாகவே இருக்கிறது.

அன்றிரவு அக்கா பிள்ளைகளை அருகில் இருத்தி முக்காட்டை எடுத்தார். நோயின் பெயரை மறைக்காமற் சொன்னார். உடம்பிற் கெட்டது வேகமாக வளர்கிறது. வேகமாக வளர்வதை மருந்து அழிக்கிறது. மயிரும் வேகமாக வளர்வதால் அதற்கும் அடி விழுகிறது. மருந்தை நிறுத்திய பின் திரும்ப முளைக்கும். சீப்பிலே பிழையில்லை என்று விளக்கினார்.

"எனக்கும் கொட்டுமோ?" என்றான் சிறுவன். இது தொற்றுகிற வருத்தமில்லை என்று அறிந்ததும் தாயின் தலையைத் தடவிப் பார்த்து, "கோயிலிலை எனக்கு அடிச்ச மொட்டை மாதிரி!" என்று சிரித்தான். மருமகள் சிரிக்கவில்லை.

"அம்மா, நீங்கள் செத்துப் போவியளோ?"

"மாத்தத்தான் மருந்து தருகினம். என்ன நடந்தாலும் உனக்கு ஒளிக்கமாட்டன்."

பொய்யான உறுதியொன்றை அக்கா கொடுக்கவில்லை. அன்றிரவு அவள் தாயின் மடியிலேயே உறங்கினாள்.

பிள்ளைகள் ஏற்றுக்கொண்ட மொட்டைத் தலையை ஊர் ஏற்றுக்கொள்ளவில்லை. நோய் பார்க்க வந்த அம்மையார் ஒருவர், "முக்காட்டைப் போடு பிள்ளை, பிள்ளையள் காலமை முழிக்கிற முகம்" என்றார். இதற்கு அவரை மட்டும் நோவதில் நியாயமில்லை. கணவனை இழந்தவள் கூந்தல் களைந்ததைப் புறநானூறு காட்டுகிறது. பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையில் மணமுண்டோ என்று சங்கமே வாதிட்டதாகத் திருவிளையாடற் கதை கூறுகிறது. இவற்றையெல்லாம் வகுப்பிலே சுவைபடப் படிப்பிக்கும் நான், இந்தச் சுமை யார் தலையில் இறங்கியது என்று ஒருநாளும் கேட்டதில்லை. நேர்த்திக்கு மழித்த தலை பக்தியாகிறது. மருந்தால் உதிர்ந்த தலை மட்டும் அபசகுனமாவது எந்த நியாயம்?

இந்நாட்டில் அரசாங்க வைத்தியசாலை மருந்தைக் கட்டணமின்றித் தருகிறது. அது மக்களின் உரிமை. வீட்டிலிருக்கும் குழந்தைக்கு உண்மையைச் சொல்லும் கடமையோ எம்முடையது. மயிர் உதிருமுன் சொல்ல வேண்டும். உன்னால் வந்ததல்ல, உனக்குத் தொற்றாது, அம்மா படுத்திருக்கும் நாட்களில் உனக்குச் சோறு தருபவர் இன்னார், தலை பின்னிவிடுபவர் இன்னார் என்று சொல்ல வேண்டும்.

சிகிச்சை முடிந்து சில மாதங்களில் அக்காவின் தலையிற் குறுகிய, சுருண்ட மயிர் முளைத்தது. மருமகள் தானாகவே சீப்பை எடுத்து வந்தாள். வாருவதற்கு அங்கே அதிகம் இருக்கவில்லை; ஆயினும் வாரினாள்.

இப்பொழுதெல்லாம் என் வகுப்புக்குத் தலைவாராமல் ஒரு பிள்ளை வந்தால் நான் ஏசுவதில்லை. இடைவேளையில் அழைத்து, வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்கிறேன்.