மலை தீ மிதிக்கும் மாசம்

ஏற்காட்டை 'ஏழைகளின் ஊட்டி' என்பார்கள். ஏற்காட்டில் ரூம் போடவும் கையில் காசில்லாதவன் எங்கே போவான்? அவனுக்காகத்தான் கல்வராயன் மலை! கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் வெள்ளிமலை பஸ்ஸைத் தேடிப் பிடித்து, ஜன்னல் வழியே சீட்டில் துண்டைப் போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதி வேலை, துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு அங்கே உட்கார்ந்திருப்பவரோடு சண்டை போடுவது.

கச்சிராயபாளையம் வரை சமவெளி. இரண்டு பக்கமும் கரும்பு, நடுவே சர்க்கரை ஆலை. 1965-ல் கட்டிய கோமுகி அணை தாண்டியதும் பஸ் முக்க ஆரம்பிக்கும். வளைவுக்கு வளைவு கண்டக்டர் ஒரு பக்கம் சாய, நாம் இன்னொரு பக்கம் சாய, காது அடைத்துக்கொள்ளும்போது மலை வந்துவிட்டதாக அர்த்தம்.

வடக்கே சின்னக் கல்வராயன், சராசரி 2,700 அடி. தெற்கே பெரிய கல்வராயன், 4,000 அடி. "பேரைப் பார்த்தா கல்வாரி மாதிரி இருக்கே, கிறிஸ்தவ மலையா?" என்று ஆபீஸில் ஒரு நண்பர் கேட்டார். இல்லை ஐயா. தென்னாற்காட்டுச் சமவெளியில் டென்மார்க் மிஷனரிகள் வந்து சபையும் ஆஸ்பத்திரியும் வைத்தது உண்மை. ஆனால் இந்த மலை, காஞ்சிபுரத்திலிருந்து ஏறி வந்ததாகக் கதை சொல்லும் மலையாளிப் பழங்குடிகளின் மலை. (கேரளாவுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர் மலையாளி, அவ்வளவுதான்.) சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகீர்தார்கள் வசம் இருந்த மலை, 1976-ல்தான் சர்க்கார் கைக்கு முழுசாக வந்தது. நமக்கு 1947-ல் கிடைத்த சுதந்திரம் மலையேறி வர 29 வருஷம் ஆகியிருக்கிறது. நம்ம பஸ் தேவலை.

நான் போனது பங்குனியில். அருவி பார்க்கப் போகிறவர்கள் ஐப்பசியில் போக வேண்டும். எனக்கு நெருப்புப் பார்க்க வேண்டியிருந்தது.

வெள்ளிமலையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது எதிர்ச் சரிவில் வெள்ளையாகப் புகை. பக்கத்தில் இருந்த பெரியவரிடம், "என்னங்கய்யா அது?" என்றேன்.

"காடு எரியுதுங்க தம்பி" என்றார், 'மணி நாலாச்சு' என்பது போல.

"அணைக்கப் போகலையா?"

"ஆளு போயிருக்காங்க. காத்து இந்தப் பக்கம் திரும்பினா நாங்களும் போகணும். மொதல்ல மாட்டை அவுத்து விட்டுட்டுத்தான் போவோம்."

இந்த மாட்டில்தான் விஷயமே இருக்கிறது. மூங்கிலும் மூங்கிலும் உரசித் தீப்பிடிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். நம் ஊர்க் காடுகளில் மூங்கில் பாவம், நிரபராதி. பெரும்பாலான தீ, மனுஷன் வைப்பது. காய்ந்த புல்லைக் கொளுத்திவிட்டால் முதல் மழைக்குப் புதுப்புல் பச்சையாக முளைக்கும், மாடு மேயும் என்று வைக்கிற தீ உண்டு. தேன் எடுக்கப் போட்ட புகை, அணைக்காமல் எறிந்த பீடி, அரைகுறையாக அவிந்த சமையல் அடுப்பு எல்லாம் உண்டு. இலை உதிர்க்கும் காடு இது. மாசி, பங்குனியில் தரையெல்லாம் சருகு. போதாததற்கு உண்ணிச்செடிப் புதர், நெருப்புக்கு ஏணி வைத்துக் கொடுக்கும். மாட்டுக்காக ஒருத்தன் வைத்த தீயிலிருந்து மாட்டைக் காப்பாற்ற ஊரே ஓட வேண்டியிருக்கிறது.

அணைக்கும் முறை? ஃபயர் இன்ஜின் இந்தச் சரிவில் ஏறாது. பச்சைத் தழையை ஒடித்து அடிப்பதுதான். காற்று பலமாக இருந்தால், தீ வரும் பாதையில் சருகைக் கூட்டி ஒரு கோடு எடுத்து, அங்கிருந்து இவர்களே 'எதிர்த் தீ' வைப்பார்கள். இரண்டு தீயும் முட்டிக்கொண்டு, தின்ன எதுவுமில்லாமல் செத்துப்போகும். காற்றைத் தப்பாகக் கணித்தால் சாவது தீயாக இருக்காது. இந்தக் கணக்கைச் சொல்லித் தரும் காலேஜ் எனக்குத் தெரிந்து இல்லை. நான் பி.காம். படித்ததில் நிச்சயமாக இல்லை. டேராடூனில் இருக்கும் இந்திய வன ஆய்வு நிறுவனம் சாட்டிலைட்டில் தீயைப் பார்த்து எஸ்.எம்.எஸ். அனுப்புகிறது. நல்ல ஏற்பாடுதான். மலை இடுக்கில் என் போனில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதே எதிர்த் தீயை அமெரிக்காவிலும் வைக்கிறார்கள். கலிபோர்னியாவில் ஹ்யூம் லேக் என்று ஓர் ஏரி. 1908-ல் மரக் கம்பெனி அணை கட்டி உண்டாக்கியது. 1946-லிருந்து அங்கே ஒரு கிறிஸ்தவ முகாம் நடக்கிறது. 2015 ஜூலை 31-ல் இடி விழுந்து பற்றிய தீ ஒன்றரை லட்சம் ஏக்கரைத் தின்றது. முகாமைக் காலி செய்தார்கள். தீயணைப்பு வீரர்கள் சுற்றிலும் எதிர்த் தீ வைத்தார்கள். முகாம் பிழைத்தது. ஜனங்கள் திரும்பி வந்தார்கள். அங்கே ஹெலிகாப்டர் உண்டு, காலி செய்ய ரோடு உண்டு, இன்ஷூரன்ஸ் உண்டு. வெள்ளிமலைப் பெரியவருக்கு? கையில் தழை இருக்கிறது. அவர் எங்கே காலி செய்துகொண்டு போவார்? கீழே போய் என்ன செய்வார்? மேலே கால் ஏக்கர் மரவள்ளி இருக்கிறதே!

வார லீவுக்கு மலையேறும் நம் ஆட்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11-ல் ட்ரெக்கிங் போனவர்கள் தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். சென்னை ஆபீஸ்களில் வேலை பார்த்தவர்கள் அதில் பலர். அந்த வருஷமே ட்ரெக்கிங்குக்கு அரசு தனி விதிகள் போட்டது. தீ, சமவெளியைவிட மேட்டில்தான் வேகமாக ஏறும். முன்னால் இருக்கும் புல்லைக் காய வைத்துக்கொண்டே வரும். நாம் ஏறி ஓடித் தப்பிக்கலாம் என்று நினைத்தால், அது நம்மைவிட நன்றாக மலையேறும்.

சாயங்காலம் கடைசி பஸ்ஸில் இறங்கினேன். இருட்டியதும் சரிவில் செக்கச்செவேலென்று ஒரு கோடு, வளைந்து வளைந்து. "ஐ! மலைக்கு சீரியல் பல்ப் போட்டிருக்காங்க!" என்றது முன் சீட்டுக் குழந்தை. அம்மா சிரித்தாள். கண்டக்டர் சிரிக்கவில்லை. விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு டிரைவரிடம் மெதுவாகச் சொன்னார்.

"அண்ணே, காத்து திரும்பிடுச்சு போல."