புதிய திறன்பேசி வாங்கலாமா?

1995ஆம் ஆண்டு சூலை 31 அன்று மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதிபாசு, ரைட்டர்ஸ் கட்டடத்திலிருந்து தில்லியில் இருந்த நடுவண் அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். இந்தியாவின் முதல் கைப்பேசி உரையாடல் அது. அக்காலத்தில் வரும் அழைப்பை ஏற்பதற்கும் கட்டணம் உண்டு; ஆதலால் வாங்குவோர் பலமுறை எண்ணிப் பார்த்தனர்.

2024 சனவரியில் சாம்சங் நிறுவனம் கேலக்சி எஸ்24 திறன்பேசியை அறிவித்தபோது, “ஐயா, இதை வாங்கலாமா?” என்று என் மாணவன் ஒருவன் கேட்டான். விலை ஏறத்தாழ 80,000 ரூபாய். அவன் ஒளிப்படக் கருவியைப் பற்றியே பேசினான். எனக்கோ வேறொரு செய்தி பெரிதாகப்பட்டது. ஏழு ஆண்டுகள் வரை பாதுகாப்பு மென்பொருளைப் புதுப்பித்துத் தருவதாக அந்நிறுவனம் உறுதி கூறியிருந்தது. புதுப்பித்தல் நின்றுவிட்டால், பின்னர்க் கண்டறியப்படும் குறைகள் அடைபடாமலே கிடக்கும். அத்தகைய கைப்பேசியில் வங்கிக் கணக்கைக் கையாள்வது பூட்டில்லாப் பெட்டியில் பணம் வைப்பதற்கு ஒப்பாகும்.

என் கைப்பேசிக்கு வயது நான்கு. தஞ்சையில் இருக்கும் அம்மாவின் முகத்தை நாள்தோறும் அதில்தான் காண்கிறேன். பேசிக்கொண்டிருக்கையிலேயே அணைந்துவிடும், அம்மா பதறிப்போவார். கோளாறு மின்கலத்தில்தான். மின்னேற்றம் செய்யச் செய்ய அதன் கொள்ளளவு குறைவது இயல்பு. சாந்தினி சௌக் சந்தையில் 1,400 ரூபாய்க்கு அதை மாற்றினேன். (பேரம் பேசும் அளவிற்கு வங்கமொழியும் வந்துவிட்டது!) 80,000 ரூபாய்க்கு ஹவுராவிலிருந்து எத்தனை முறை ஊர் சென்று வரலாம்!

என் கைப்பேசிக்குப் பாதுகாப்புப் புதுப்பித்தல் இன்னும் ஓராண்டு உண்டு. அதன்பின் புதியது வாங்குவேன். அப்போதும், விலை இறங்கிய முந்தைய ஆண்டு வகையைத்தான்.