இருபத்து மூன்று



கொஞ்சம் நீளமான பதிவு. ஸ்கூலுக்குப் போகும் பிள்ளைகள் உள்ள வீட்டார் கடைசிவரை வாசியுங்கள்.

நான் தரம் 10க்கு வகுப்பாசிரியர். 24 பிள்ளைகள். காலையில் இடாப்பைக் குறித்துவிட்டு, கரும்பலகை மூலையில் வரவை எழுதுவேன். 21, 20, 21, 22. எண்ணிக்கை விழவில்லை என்றால் எனக்கு நிம்மதி.

உயர்தர வகுப்புக்கு ஐசிடியும் நான்தான் படிப்பிக்கிறேன். போன மாதம் துவித எண்களுக்கு நம்ம வாழ்க்கையிலிருந்தே ஓர் உதாரணம் தேடினேன். இடாப்பு ஞாபகம் வந்தது. வந்தவருக்கு 1, வராதவருக்கு 0. இருபத்து நாலையும் வரிசையாகப் போட்டால் 24 பிட் உள்ள ஒரே எண். ஒரு நாள் வரவு முழுக்க அதற்குள் அடங்கிவிடும். பெயர்களை விட்டுவிட்டு, பத்து நாள் வரவைப் பத்து எண்களாக எடுத்துப் போனேன்.

"இதில் எத்தனை 1?" என்று கேட்டேன். ஒரு மாணவன் இரண்டால் வகுத்து வகுத்து மீதியைக் கூட்டினான். சரியான வழிதான், ஆனால் 24 சுற்று. நான் இன்னொரு வழி காட்டினேன். எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து, இரண்டையும் 'மற்றும்' செயலால் சேர்த்தால் கடைசி 1 அழியும். 44 துவிதத்தில் 101100. அது 40 ஆகி, 32 ஆகி, 0 ஆகும். மூன்று சுற்று, மூன்று 1.

பிறகு சொன்னேன், இந்த வேலைக்கு மொழிக்குள்ளேயே கருவி இருக்கிறது என்று. 2021 இல் வந்த பைத்தன் 3.10 இல் அதன் பெயர் 'பிட் கவுண்ட்'. சி பிளஸ் பிளஸ் மொழியின் 2020 தரத்தில் 'பாப்கவுண்ட்'.

ஒரு மாணவி கேட்டாள்: "சேர், மைனஸ் எண்ணுக்கு?"

நல்ல கேள்வி. இரண்டின் நிரப்பியில் மைனஸ் 1 ஐ எழுதினால் எல்லா இடமும் 1. 8 பிட்டில் எட்டு, 32 பிட்டில் முப்பத்திரண்டு. அகலம் மாறினால் விடையும் மாறும். அதனால் 'பாப்கவுண்ட்' குறியில்லாத முழு எண்களை மட்டும்தான் ஏற்கும். பைத்தன் குறியை விட்டுவிட்டு எண்ணும். மைனஸ் 1 க்கு விடை 1.

கடைசியாக, பத்து எண்களையும் 'அல்லது' செயலால் சேர்த்தோம். ஓர் இடத்தில் ஒரு நாளாவது 1 இருந்தால் விடையிலும் 1 வரும். எண்ணிப் பார்த்தால் 24 வரவேண்டும் என்று நினைத்தேன்.

23 வந்தது.

பதினேழாவது இடத்தில் 0. பத்து நாளும் ஒரே பிள்ளை வரவில்லை. ஒவ்வொரு நாளும் அவனுக்கு நேரே வராத குறி போட்டது என் கைதான். என் கண் மட்டும் கூட்டுத்தொகையில் இருந்தது. நேற்று 21, இன்றும் 21 என்றால் அதே 21 பேர் என்று நினைத்துவிட்டேன்.

பின்னேரம் வீட்டுக்குப் போனேன். வாப்பாவுக்குக் கையில் காயம். மகன்தான் அவரோடு தோணியில் ஆத்துக்குப் போய் வலை இழுக்கிறான். "கை சொகமாகினா அனுப்புவன் சேர்" என்றார். பொடியன் என்னைப் பார்த்துக் கேட்டான்:

"நான் வரல்லண்டு கண்டீங்களா சேர்?"

"இண்டைக்குத்தான் கண்டன் மகன்" என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை.

இப்போது வருகிறான். இடையிடையே நிற்கிறான். நான் வெள்ளிக்கிழமை தோறும் அந்த வார எண்களை 'அல்லது' போட்டுப் பார்க்கிறேன்.

ஸ்கூல் நேரத்தில் ஆத்தங்கரையில் ஒரு பிள்ளையைக் கண்டால் ஏசாதீர்கள். ஸ்கூலுக்கு ஒரு கோல் எடுங்கள். எங்கள் கணக்கில் விடுபட்டது உங்கள் கண்ணில் படலாம்.