பக்கத்தில் நிற்க ஆளில்லாத அடுப்பு

ரொறன்ரோவில் வேலைக்குப் போகும் தமிழ்க் குடும்பங்களுக்குக் காசைவிடப் பெரிய தட்டுப்பாடு ஒன்று உண்டு. அடுப்படியில் நிற்க ஆள் இல்லை. ஒருவர் இருட்டோடு எழும்பி முதல் பஸ்ஸைப் பிடிக்கிறார். மற்றவர் இரவு வேலை முடித்து அப்போதுதான் சப்பாத்தைக் கழற்றுகிறார். பிள்ளைகள் பள்ளிக்கூடப் பையைத் தேடிக்கொண்டு நிற்கிறார்கள். இந்தப் பரபரப்புக்குள் ஒரு வீட்டைக் காப்பாற்றும் சாப்பாடு எது என்று என்னைக் கேட்டால், அவித்த முட்டை என்பேன். ஒன்றில் ஆறு கிராம் புரதம் இருக்கிறது. கோது உரிக்காமல் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஒரு கிழமை கெடாது. பாணோடும் போகும், புட்டோடும் போகும், கோப்பையும் கரண்டியும் இல்லாமல் பஸ் தரிப்பிடத்தில் நின்றபடியும் சாப்பிடலாம்.

ஊரில் முட்டை அவிப்பதை ஒரு சமையலாக யாரும் கணக்கெடுத்ததில்லை. சோறு கொதிக்கும் பானைக்குள் கழுவிய முட்டையைப் போட்டுவிடுவார்கள். கஞ்சி வடிக்கும்போது முட்டையும் வெளியே வந்துவிடும். யாழ்ப்பாணத்தில் போர்க்காலப் பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் மண்ணெண்ணெய் கண்ணில் படாது. பனைமரத்துப் பன்னாடையும் கொக்கறையும் ஊமலும் வைத்து எரித்த அடுப்பில், ஒரே நெருப்பில் இரண்டு வேலை முடிப்பது சிக்கனம் மட்டுமல்ல, அதைவிட்டால் வேறு வழியும் இல்லை. ஆனால் அந்த அடுப்புக்குப் பக்கத்தில் எப்போதும் ஒருவர் இருந்தார். அம்மாவோ, அம்மம்மாவோ, கல்யாணமாகாத ஒரு சித்தியோ, விறகைத் தள்ளியும் இழுத்தும் நெருப்பை ஆண்டுகொண்டிருந்தார். இங்கே அந்த ஆள் வேலைக்குப் போய்விட்டார்.

மின்னடுப்பில் சட்டியை வைத்துவிட்டு, இரவு வேலைக் களைப்பில் கதிரையில் சாய்ந்தால் கண் மூடிவிடும். தண்ணீர் வற்றி, முட்டை வெடித்து, சட்டி கருகி, புகை அறிவிப்பான் அலறி, கட்டடமே படியிறங்கிப் பனிக்குள் நிற்கும் கதை ஸ்காபரோ மாடிக் குடியிருப்புகளில் பழகிய கதை. வீட்டுத் தீவிபத்துகளின் முதன்மையான காரணங்களில் ஒன்று, அடுப்பில் வைத்துவிட்டுக் கவனிக்காமல் போவது. ஒன்ராறியோவின் தீயணைப்புத் துறையினர் இதை வருடம் முழுவதும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். கவனிக்காமல் போகிறவர்கள் பொறுப்பில்லாதவர்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் களைத்தவர்கள்.

அதனால்தான் மின்சாரப் பிரஷர் குக்கர் எங்கள் குசினிக்கு வந்தபோது அதை ஒரு ஆடம்பரமாக நான் பார்க்கவில்லை. வேலை முடிந்ததும் தானே நின்றுவிடும் அடுப்பு அது. அந்த ஒரு குணத்துக்காகவே அதை மதிக்கிறேன்.

மாமி அதை நம்பவில்லை. விசில் அடிக்கும் குக்கரை அவர் வீட்டில் வைக்க விட்டதே இல்லை. போரில் கூவிக்கொண்டு வந்து விழும் ஷெல்லைக் கேட்ட காதுக்கு, மூடிய பாத்திரம் ஒன்று கூவுவது எப்படி இருக்கும் என்று அவரிடம் யாரும் விளக்கம் கேட்கவில்லை. இது விசில் அடிக்காது என்றதும் பக்கத்தில் வந்து நின்றார்.

“தம்பி, உதுக்குள்ள என்ன நடக்குதெண்டு கண்ணால பார்க்கேலாதே. வெடிச்சிடாதோ?”

“வெடிக்காது மாமி. உந்தச் சின்ன முளை கீழ இறங்கும் மட்டும் மூடியைத் திறக்கேலாது. அது பூட்டிக் கிடக்கும்.”

“அப்ப முளையைப் பார்த்துக்கொண்டிருந்தாச் சரி.”

அவர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தது உண்மையிலேயே பார்க்க வேண்டிய காட்சி. முதலில் எதுவும் நடப்பதாகத் தெரியாது. பிறகு அடியில் தண்ணீர் இரையும் சத்தம் மெல்ல எழும். மூடியிலுள்ள ஓட்டை வழியாக நூல் போல ஆவி கசியும். அது வலுத்துச் சீறத் தொடங்கும்போது அந்த உலோக முளை இரண்டு தரம் நடுங்கி, சட்டென்று மேலெழும்பி ஓட்டையை அடைக்கும். சீறல் நின்றுவிடும். அதற்குப் பிறகுதான் திரையில் நிமிடங்கள் இறங்கத் தொடங்கும். முட்டை அவிகிற நேரம் அந்தக் கணத்திலிருந்துதான் கணக்கு.

செய்முறை மிகச் சுலபம். உள்சட்டியில் ஒரு கப் தண்ணீர். அதற்கு மேல் கம்பித் தட்டு. தட்டின் மேல், குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தபடியே முட்டைகள். ஆறு வைத்தாலும் பன்னிரண்டு வைத்தாலும் தண்ணீர் அதே ஒரு கப்தான், ஏனென்றால் முட்டை அவிவது ஆவியில். மூடியைத் திருப்பிப் பூட்டி, வால்வை அடைத்து, உயர் அழுத்தத்தில் 5 நிமிடம். மணி அடித்தபின் 5 நிமிடம் தொடாமல் விட வேண்டும். பிறகு மிச்ச ஆவியைத் திறந்துவிட்டு, முட்டைகளை ஐஸ் தண்ணீரில் 5 நிமிடம் போட வேண்டும். ஐந்து, ஐந்து, ஐந்து என்று வட அமெரிக்கக் குசினிகளில் வாய்ப்பாடாகிவிட்ட கணக்கு இது. குழம்புக்குப் போகிற முட்டைக்கு அழுத்தத்தில் 4 நிமிடம் போதும். மிச்ச வேக்காட்டைக் குழம்பு பார்த்துக்கொள்ளும். ஐஸ் தண்ணீரை மட்டும் சோம்பலில் விட்டுவிடக் கூடாது. சூட்டோடு கிடந்தால் முட்டை உள்ளே வெந்துகொண்டே இருக்கும். மஞ்சட்கருவிலுள்ள இரும்பும் வெள்ளைக்கருவிலிருந்து வரும் கந்தகமும் சேர்ந்து மஞ்சளைச் சுற்றிப் பச்சை வளையம் விழும். அதைச் சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது. ஆனால் மணமும் ருசியும் கெட்டுவிடும்.

இந்த முறையின் பெரிய லாபம் கோது உரிக்கும்போது தெரியும். மழுங்கிய முனையில் காற்றுப் பை இருக்கிறது. அந்தப் பக்கத்தை மேசையில் மெல்லத் தட்டி, பைப் தண்ணீருக்கு அடியில் பெருவிரலை உள்சவ்வுக்குக் கீழே கொடுத்தால், கோது இரண்டு மூன்று பெரிய துண்டுகளாகக் கழன்றுவிடும். வெள்ளைக்கரு ஒரு கீறலில்லாமல் பளபளவென்று இருக்கும். பச்சைத் தண்ணீரில் போட்டு மெல்லச் சூடேற்றினால், வெள்ளைக்கரு இறுகும்போது உள்சவ்வோடு ஒட்டிக்கொள்கிறது. சூடான ஆவி சட்டென்று தாக்கும்போது அப்படி ஒட்ட நேரமில்லை. தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். இந்தக் குக்கரின் அழுத்தத்தில் ஆவி ஏறத்தாழ 115 பாகை செல்சியஸ் வரை போகும். வெள்ளைக்கரு இறுகத் தொடங்க 60 பாகைக்குச் சற்று மேல் போதும் என்பதால் வேலை சுருக்காக முடிகிறது.

முட்டையின் வயதும் இதில் ஒரு விடயம். இப்போதுதான் இட்ட முட்டையின் வெள்ளைக்கருவில் கரியமிலவாயு கூடுதலாக இருக்கும். நாள் போகப்போக அது கோதின் நுண்துளைகள் வழியே வெளியேறும். வெள்ளைக்கருவின் பிஎச் அளவு சுமார் 7.6 இலிருந்து 9.2 வரை ஏறும். ஏற ஏற, சவ்வின் பிடி விடும். கோழிக்கூட்டில் எடுத்த சூட்டோடு அம்மா அவித்த முட்டை, கோதோடு பிய்ந்து பள்ளமும் மேடுமாக வந்ததற்குக் காரணம் அவருடைய கை அல்ல, முட்டையின் புதுமை. இங்கே தமிழ்க் கடையில் வாங்கும் முப்பது முட்டைத் தட்டு கழுவி, தரம் பிரித்து, குளிரூட்டி, சில நாள் கழித்துத்தான் எங்கள் கைக்கு வருகிறது. அவிக்க நல்லது அதுதான்.

ஆவியை அடைத்துச் சமைக்கும் பாத்திரத்தின் கதையும் ஊர்விட்டு ஊர் போனவர்களின் கதைதான். அதை முதலில் செய்தவர் டெனி பப்பாங். பிரான்சில் பிறந்த புரட்டஸ்தாந்துக்காரர். லண்டனுக்கு வந்து விஞ்ஞானி ரொபர்ட் பொயிலோடு வேலை செய்தார், 1679இல் இந்தப் பாத்திரத்தைக் காட்டினார். கெட்டி எலும்பையும் அது மென்மையாக்கியது. 1682இல் ரோயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தின் உறுப்பினர்களுக்கு அதில் சமைத்து விருந்தே வைத்தார். பாத்திரம் வெடிக்காமலிருக்க அவர் பொருத்திய பாதுகாப்பு வால்வின் வழித்தோன்றல்தான் இன்றைக்கு என் குக்கரிலும் இருக்கிறது. 1685இல் பதினான்காம் லூயி புரட்டஸ்தாந்தரின் மத உரிமையை நீக்கினார். அதன்பிறகு பப்பாங்கால் ஊர் திரும்ப முடியவில்லை. ஜேர்மனியில் சில காலம் படிப்பித்தார், பிறகு லண்டனுக்கே திரும்பி வறுமையில் இறந்தார். பல நாடுகளின் குசினிகளில் அவருடைய யோசனை கொதித்துக்கொண்டிருக்கிறது. அவர் பெயரைச் சொல்ல ஆளில்லை.

இரண்டாமவர் எங்கள் ஒட்டாவாவில் இருந்தவர். சீனாவில் பிறந்து, கணினி விஞ்ஞானம் படித்து, கனடாவுக்கு வந்த ரொபர்ட் வாங். தொலைத்தொடர்புத் துறையில் வேலை செய்தார், அந்த வேலை போனது. தாயும் தகப்பனும் வேலைக்குப் போகும் வீட்டில் பிள்ளைகளுக்கு நல்ல இராச்சாப்பாடு கொடுக்க முடியவில்லை என்ற கவலை அவருக்கும் இருந்தது. தன் சேமிப்பைப் போட்டு, வெப்பத்தையும் அழுத்தத்தையும் தானே அளந்து கட்டுப்படுத்தும் குக்கர் ஒன்றை நண்பர்களோடு சேர்ந்து உருவாக்கினார். 2010இல் விற்பனைக்கு வந்த இன்ஸ்டன்ட் பொட் அதுதான். மின்சாரக் குக்கர்கள் அதற்கு முன்பே சீனாவில் இருந்தன. ஆனால் வட அமெரிக்க வீடுகளுக்குள் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது இந்த மனிதரின் பிடிவாதம். நிறுவனம் பிறகு கைமாறி, 2023இல் திவால் பாதுகாப்பு கோரும் நிலைக்கும் போனது. குக்கர் இன்றும் விற்பனையில் இருக்கிறது. வேலை போன ஒரு குடியேறியின் வீட்டுக் கவலையிலிருந்து பிறந்த பொருள் இது என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு அதன்மேல் தனி அன்பு.

எங்கள் வீடுகளில் இந்தக் குக்கருக்கு இன்னொரு சோதனை இருக்கிறது. வெள்ளிக்கிழமை. அன்று மச்சம் (அசைவம்) சேர்ப்பதில்லை, முட்டையும் எங்களுக்கு மச்சம். முட்டை அவித்த பாத்திரத்தில் வெள்ளிக்கிழமை பருப்பு வைக்க முடியாது. உள்சட்டி துருப்பிடிக்காத உருக்கு என்பதால் கழுவினால் போய்விடும். மூடிக்குள் சுற்றியிருக்கும் சிலிக்கன் வளையம்தான் சிக்கல். அது மணத்தைக் குடித்துவிடும். ஒருநாள் ஆட்டிறைச்சிக் கறி வைத்தால், அடுத்த நாள் பாற்கஞ்சியிலும் கறுவாவும் கராம்பும் மணக்கும். வெயிலில் போட்டாலும் வினாகிரித் தண்ணீரில் ஊற வைத்தாலும் முழுக்கப் போகாது. மாமி இதற்கு ஒரு தீர்ப்புச் சொன்னார்: இரண்டு வளையம், இரண்டு உள்சட்டி. வளையங்கள் நிறம் நிறமாகத் தனியே விற்கிறார்கள். எங்கள் வீட்டில் சிவப்பு மச்சத்துக்கு, நீலம் மரக்கறிக்கு. கந்தசஷ்டி ஆறு நாளும் நீலம்தான். இதை மூடநம்பிக்கை என்று சொல்லும் இளையவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. விரதம் பிடிப்பவருக்கு வேறு வளையம் மாட்டிக் கொடுப்பது ஒரு மரியாதை. பால்கோவாவில் இறைச்சி மணம் வேண்டாம் என்பவருக்கும் அது பயன்படும்.

ஒரு விடயத்தில் நேர்மையாக இருக்க வேண்டும். நேரம் மிச்சம் என்று விளம்பரங்கள் சொல்வது முட்டைக்குப் பொருந்தாது. தண்ணீர் சூடாகி முளை எழும்பவே சில நிமிடம் போகும். அதற்குமேல் மூன்று ஐந்துகள். கூட்டிப் பார்த்தால் இருபது நிமிடத்தைத் தாண்டும். அடுப்பில் சட்டி வைத்தாலும் ஏறக்குறைய அதே நேரம்தான். மிச்சமாவது நிற்கிற நேரம். வால்வை மூடிவிட்டு நான் குளிக்கப் போகலாம். மகளின் தலையைப் பின்னிவிடலாம். ஊருக்குத் தொலைபேசி எடுத்து அக்காவோடு கதைக்கலாம். பிந்தினாலும் வீடு எரியாது. முட்டை கொஞ்சம் கூட வெந்திருக்கும், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கம்பித் தட்டு நிறைய அவித்து வைத்தால் வீட்டுக்குப் பாதிக் கிழமை போகும். இரண்டு மூன்று விடியச் சாப்பாட்டுக்கு. மிச்சத்தைக் கத்தியால் மெல்லக் கீறி, மஞ்சளும் உப்பும் பிரட்டி, தாச்சியில் தோல் பொன்னிறமாகும் வரை எண்ணெயில் உருட்டி எடுத்து, வறுத்த தூள் போட்ட குழம்பில் கடைசியாகப் போட்டுத் தேங்காய்ப் பால் விட்டு இறக்கினால், இடியப்பத்துக்கு அதைவிட என்ன வேண்டும்? இரவு வேலை முடித்து வரும் மனைவி அந்தக் குழம்பை ஊற்றிச் சாப்பிடும்போது அடுப்படியில் யாரும் நின்றிருக்கத் தேவையில்லை. சாப்பாடு இருக்கிறது. அது போதும்.

இப்போது ஊரிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் படிக்க வரும் பிள்ளைகள் ஸ்காபரோ, பிரம்டன் பேஸ்மென்டுகளில் நாலைந்து பேராகத் தங்குகிறார்கள். வகுப்பு, பகுதிநேர வேலை, வாடகை. அடுப்புக்கு வரிசை. பலர் சிப்ஸும் நூடுல்ஸும் தின்றே நாளை ஓட்டுகிறார்கள். அந்த வயதில் நாங்களும் அப்படித்தான் இருந்தோம், உடம்பில் அதன் கணக்கு நாற்பதுக்குப் பிறகு தெரிந்தது.

பிளாக் ஃபிரைடேயில் மலிவாக வந்ததென்று வாங்கி, பெட்டி உடைக்காமல் உங்கள் பேஸ்மென்ட் அலுமாரியில் ஒரு குக்கர் கிடந்தால் இந்தக் கிழமை வெளியே எடுங்கள். முதலில் இறைச்சியும் வேண்டாம், பிரியாணியும் வேண்டாம். ஒரு கப் தண்ணீர் விட்டு ஆறு முட்டை வையுங்கள். வால்வை மூடியிருக்கிறீர்களா என்று ஒரு தரம் பாருங்கள். உங்களுக்குத் தேவையில்லை என்றால், உங்கள் தெருவில் பேஸ்மென்டில் இருக்கும் ஒரு மாணவப் பிள்ளையிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். கூடவே ஒரு தட்டு முட்டையும் வாங்கிக் கொடுங்கள்.