தண்டலத்துச் செந்தூரம்

பூவிருந்தவல்லியைத் தாண்டிப் பெங்களூர்ச் சாலையில் மேற்கே சென்றால், ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் தண்டலம் வருகிறது. அடுத்துள்ள இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் மோட்டார் கார் உற்பத்தி துவங்கியது முதல் இப்பக்கத்தில் இரும்பை வளைப்பதும் வார்ப்பதுமே பலருக்கு ஜீவனம். அங்கே வசிக்கும் என் தமக்கையோ இரும்பைச் சாப்பிட்டே வருகிறாள்!

சோகைக்கென்று யாரோ ஒரு வைத்தியர் கொடுத்த சிவப்புப் பொடியை இரண்டு மாதமாகத் தேனில் குழைத்து உண்கிறாள். "அயச்செந்தூரம்தான் தம்பி, வேறொன்றுமில்லை" என்றாள். பொட்டலத்தின்மேல் ஓர் எழுத்துக்கூட இல்லை.

அயச்செந்தூரம் இகழத்தக்க பொருளன்று. இரும்புப் பொடியைச் சுத்தி செய்து, மூலிகைச் சாற்றில் அரைத்து, வில்லை தட்டி உலர்த்தி, அகலிலிட்டு, மற்றோர் அகலால் மூடிச் சீலைமண் செய்து, வரட்டி அடுக்கிப் புடமிடுகிறார்கள். பிறகு மறுபடி அரைப்பு, மறுபடி புடம். இரும்பு பிராணவாயுவுடன் கூடிச் செந்தூளாகும் வரையில் இப்படியே. ஐரோப்பாவில் பாராசெல்ஸஸ் (1493–1541) உலோக மருந்துகளுக்காக வாதாடுவதற்கு முன்பே நம் நாட்டில் ரஸசாஸ்திர நூல்கள் தோன்றிவிட்டன.

சோதனைகளும் வைத்திருந்தார்கள். செந்தூரம் மின்னக் கூடாது. விரல் ரேகையில் படிய வேண்டும். நீரில் தூவினால் மிதக்க வேண்டும். தமக்கை ஒரு டம்ளர் தண்ணீரில் தூவிக் காட்டினாள். மிதந்தது. அவள் முகத்தில் வெற்றி!

ஆனால் மிதப்பது நுண்மைக்குத்தான் சாட்சி. ஈயத்தைப் புடமிட்ட பஸ்மமும் மிதக்கும். லிங்கச் செந்தூரமும் சிவப்புத்தான். அதில் இருப்பது பாதரசமும் கந்தகமும். பெயரை நம்பலாமென்றால், சித்த வைத்தியத்தில் நாகம் என்பது துத்தநாகம். ஆயுர்வேதத்திலோ அதுவே ஈயம்! பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளில் 14-ல் ஈயமோ பாதரசமோ பாஷாணமோ இருந்ததாக 2004-ல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று.

மறுநாள், தாம்பரம் சானடோரியத்தில் 2005-ல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கு அவளை அழைத்துச் சென்றேன். அங்கிருந்த மருத்துவர் செந்தூரத்தைப் பழிக்கவில்லை. யார் செய்தது, எந்த நாளில் செய்தது என்று கேட்டார். எங்களிடம் பதிலில்லை. பொடியை நிறுத்திவிட்டு, இரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பரிசோதித்து வரும்படி சொன்னார்.

முடிவு இன்னும் வரவில்லை. அன்று பஸ்ஸில் திரும்புகையில் தமக்கை பொட்டலத்தை எறிய மனமின்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். "மிதந்ததே, தம்பி!" என்று தண்டலம் வரும்வரையில் சொல்லிக்கொண்டே வந்தாள்.