ஒரு நாளில் எட்டுச் சுற்று

ரஸ்ட் நிரல்மொழியின் கம்பைலரில் சேரக் காத்திருக்கும் திருத்தங்களின் வரிசையை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். போய்ப் பார்த்தேன். நீளமான அட்டவணை: திருத்தத்தின் எண், தலைப்பு, ஒப்புதல் தந்தவர், முன்னுரிமை, இப்போதைய நிலை. சோதனையில் இருந்தது ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் ஒப்புதல் வாங்கிவிட்டுக் காத்திருந்தது.

இது வேண்டுமென்றே வைத்த கட்டுப்பாடு. 'பார்ஸ்' என்ற பாட், ஒப்புதல் பெற்ற திருத்தத்தை அந்த நேரத்து முதன்மைக் கிளையோடு இணைத்து லினக்ஸ், விண்டோஸ், மேக் என்று பல தளங்களில் ஓட்டுகிறது. அத்தனையும் தேறினால்தான் கிளை நகரும். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம். இடைவிடாமல் ஓடினாலும் நாளுக்கு எட்டுச் சுற்றுதான். வருகிற திருத்தங்களோ அதைவிடப் பல மடங்கு.

அதனால்தான் 'ரோல்அப்'. ஆபத்தில்லாத சின்னத் திருத்தங்களை ஒருவர் பொறுக்கி ஒரே மூட்டையாகக் கட்டுகிறார். மூட்டைக்கு ஒரே சோதனை. அட்டவணையில் இதற்கென்றே ஒரு பத்தி உண்டு. எழுத்துப்பிழைத் திருத்தத்துக்கு 'ஆல்வேஸ்', வேகத்தைப் பாதிக்கக்கூடிய மாற்றத்துக்கு 'நெவர்'. மூட்டைக்குள் போனால் எந்த மாற்றம் கம்பைலரை மந்தமாக்கியது என்று பிரித்துச் சொல்வது கடினம் என்பதே காரணம்.

புதிதாக வருகிறவர் இந்தப் பெரிய சோதனையை முதலிலேயே சந்திப்பதில்லை. திருத்தத்தைப் புல் ரிக்வெஸ்டாகப் போட்டதும் சில சோதனைகள் மட்டும் ஓடும். 'டைடி' என்ற நடை, ஒழுங்குச் சரிபார்ப்பு அவற்றில் ஒன்று. அதைச் சொந்தக் கணினியிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்பலாம். குறிப்பிட்ட சில தளங்களில் முன்கூட்டியே பார்க்க வேண்டுமென்றால் 'டிரை' கட்டளை உண்டு, ஆனால் அதற்கு அனுமதி உள்ளவர் சொல்ல வேண்டும். இந்த அடுக்குமுறை எனக்கு நியாயமாகப் படுகிறது. விலை உயர்ந்த சோதனை ஒரு மனிதர் படித்துப் பார்த்த பிறகே ஓடுகிறது.

சிறிய திட்டங்களில் நிலைமை வேறு. கிட்ஹப்பில் பொதுத் திட்டங்களுக்கு, சோதனையை ஓட்டும் சாதாரண ரன்னர்கள் இலவசம். இலவசக் கணக்கில் ஒரே நேரத்தில் 20 வேலைகள், அதில் மேக்குக்கு 5. ஒருவர் அவசரமாக அடுத்தடுத்துப் பல முறை புஷ் செய்தால் மேக் வரிசை அடைத்துக்கொள்ளும். பழைய ஓட்டத்தைத் தானாக ரத்துசெய்யும் அமைப்பையும், ஆவணங்கள் மட்டும் மாறினால் சோதனையைத் தவிர்க்கும் வடிகட்டியையும் பராமரிப்பாளர்கள் முதல் நாளே போட்டுவிட வேண்டும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது இயந்திர வரிசை இல்லை, ஒரு பொத்தான். கிரிப்டோ நாணயம் தோண்டுகிறவர்கள் புல் ரிக்வெஸ்ட் வழியாக இலவச ரன்னர்களைச் சுரண்டியதால், 2021இல் கிட்ஹப் முதல்முறை பங்களிப்பவரின் சோதனையைப் பராமரிப்பாளர் அனுமதித்தால்தான் ஓடும்படி மாற்றியது. தேவையான காவல்தான். ஆனால் அந்த அனுமதிப் பொத்தானை அழுத்த ஆள் இல்லாத திட்டத்தில், புதியவரின் முதல் திருத்தம் தேறியதா விழுந்ததா என்றே தெரியாமல் வாரக்கணக்கில் கிடக்கிறது.

ரஸ்ட்டிலும் திருத்தங்கள் விழத்தான் செய்கின்றன. ஒரு ரோல்அப் தோற்றால், காரணமான திருத்தத்தின் ஒப்புதலை விலக்கிவிட்டு மற்றவற்றை மறுபடி கட்டுகிறார்கள். விலக்கப்பட்டவரின் பக்கத்தில், எங்கே விழுந்தது என்ற இணைப்போடு ஒருவர் குறிப்பு எழுதியிருப்பார். அதைத் திறந்து அவர் அன்றே வேலையைத் தொடரலாம்.