தாத்தா பறந்து போச்சு

என் பேத்திக்கு ஒன்றேமுக்கால் வயது நடந்தபோது எங்கள் வீட்டைச் சுற்றி மூன்று தாத்தாக்கள் இருந்தோம். முதல் தாத்தா நான். இரண்டாவது, கொல்லையில் முருங்கை மரத்தில் வந்து உட்காரும் காக்கா. மூன்றாவது, பக்கத்து வீட்டு வங்காளி இளைஞர். அவரைக் 'காகா' என்று கூப்பிடும்படி அவர் மனைவி பாப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். வங்காளியில் காகா என்றால் சித்தப்பா. பாப்பாவுக்கோ ககரம் வராது. க வரவேண்டிய இடத்திலெல்லாம் த போட்டுவிடுவாள். ஆகவே காக்காவும் தாத்தா, காகாவும் தாத்தா, நானும் தாத்தா. ஒருநாள் வாசலில் நின்றுகொண்டு "தாத்தா போச்சு, தாத்தா போச்சு" என்று கைகளை விரித்துக் கத்தினாள். தெருவில் போன தமிழர் ஒருவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் பதறியடித்து உள்ளே வந்துவிட்டார். நான் நாற்காலியில் சாய்ந்து 'டெய்லி டெலிகிராம்ஸ்' படித்துக்கொண்டிருந்தேன். அவருக்கு டீ கொடுத்து அனுப்ப வேண்டியதாயிற்று.

நாங்கள் இருப்பது அந்தமானில், சிப்பிகாட்டில். போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியாகிவிட்டது. ஆனால் பஸ் ஏறுகிறவர்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள் எங்கள் ஊர். இங்கே ஒரு குழந்தை பேசப் பழகுவது தமிழ்நாட்டுக் கிராமத்தில் பழகுவது மாதிரி இல்லை. 2011 கணக்கெடுப்பில் இந்தத் தீவுகளில் வங்காளியைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 28 பேர், இந்தி 19, தமிழ் 15, தெலுங்கு 13. மீதிப் பேர் நிக்கோபாரி, மலையாளம், ராஞ்சிக்காரர்கள் பேசும் சாத்ரி என்று பிரிந்து நிற்கிறார்கள். வேலி தாண்டினால் வேறு மொழி. எல்லோருக்கும் பொது, தெருவில் புழங்கும் அந்தமான் இந்தி.

பாப்பாவின் பேச்சை முதலில் நாங்கள் வேடிக்கையாகத்தான் கேட்டோம். சிப்பிகாட்டில் அரசு விவசாயப் பண்ணை ஒன்று உண்டு. கிராம்பு, ஜாதிக்காய், பட்டை, மிளகு, தென்னை எல்லாம் வளரும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வாசனைச் சரக்கின் பெயர்களை அடுப்படியில் மட்டுமல்ல, மரத்தடியிலும் கேட்டு வளர்கிறவர்கள். பாப்பாவிடம் கிராம்பு 'தாம்பு' ஆயிற்று. ஜாதிக்காய் 'தாதித்தாய்'. பட்டை 'பத்தை'. வண்டி 'வந்தி'. மழை 'மயை'. கேட்டவர்கள் சிரித்து, இன்னொரு தடவை சொல்லச் சொல்லி, மறுபடியும் சிரித்தார்கள்.

கொஞ்ச நாள் காது கொடுத்துக் கேட்டதில் எனக்கு ஒன்று பிடிபட்டது. அவள் கண்டபடி தப்புப் பண்ணவில்லை. க த ஆகும். ஆனால் த ஒருநாளும் க ஆனதில்லை. தாத்தாவாகிய என்னை ஒரு தடவைகூடக் 'காக்கா' என்று கூப்பிட்டதில்லை. ட த ஆகும். த ட ஆகாது. ழ ய ஆகும். இவ்வளவு கண்டிப்பாக விதியைக் கடைப்பிடிக்கிறவரைத் தவறு செய்கிறவர் என்று எப்படிச் சொல்வது? தொல்காப்பியத்தில் எழுத்துகள் வாயில் எங்கே பிறக்கின்றன என்று சொல்லும் பிறப்பியலைப் படித்திருக்கிறேன். உதடு இரண்டும் சேர்ந்தால் ப, ம. நாவின் அடிப்பக்கமும் அண்ணத்தின் அடிப்பக்கமும் சேர்ந்தால் க, ங. தேர்வுக்காக மனப்பாடம் பண்ணியது, பாப்பாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் விளங்கியது. உதடு கண்ணுக்குத் தெரிகிறது. அம்மா 'ம' சொல்வதைக் குழந்தை பார்க்கலாம். நாவடி தெரியாது. தெரியாத இடத்தில் பிறக்கும் எழுத்தை அவள் தனக்கு வசதியான முன்பக்கத்துக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டாள்.

மொழியியல் படித்தவர்களும் இதையே வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். ரோமன் யாக்கப்சன் 1941-ல் எழுதிய புத்தகத்தில், உலகக் குழந்தைகள் எல்லாம் ஒலிகளை ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் பிடிக்கின்றன என்று வாதித்தார். உதட்டொலிகள் முன்னால் வரும், சிக்கலானவை பின்னால். அவர் சொன்ன வரிசை அப்படியே செல்லாது என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். சில குழந்தைகள் க-வை முதலிலேயே பிடித்துக்கொள்கின்றன. ஆனாலும் குழந்தையின் உச்சரிப்பில் ஒழுங்கு உண்டு என்பதை யாரும் மறுக்கவில்லை. நீல் ஸ்மித் என்ற ஆங்கிலேய மொழியியலாளர் தன் மகன் அமாலின் பேச்சை வரிவரியாகக் குறித்துவைத்து 1973-ல் புத்தகமாக்கினார். அந்தப் பையன் 'பஸில்' என்பதைப் 'படில்' என்பான். சரி, 'படில்' என்ற சொல்லையாவது ஒழுங்காகச் சொல்வானா என்றால், அதைப் 'பகில்' என்பான்! நாக்கால் முடியாது என்று சொல்ல வழியில்லை. முடிந்த ஒலியைத்தான் வேறு இடத்தில் வைத்தான்.

அதைவிட வேடிக்கை, 1960-ல் ஜீன் பெர்க்கோவும் ராஜர் பிரவுனும் எழுதிய ஒரு சம்பவம். ஒரு குழந்தை தன் பிளாஸ்டிக் மீனை 'ஃபிஸ்' என்றது. பெரியவர் ஒருவர் குழந்தை சொன்னபடியே 'ஃபிஸ்' என்று கேட்டால், இல்லை என்று தலையாட்டி மறுபடி 'ஃபிஸ்' என்றது. அவர் 'ஃபிஷ்' என்றதும் 'ஆமாம், ஃபிஸ்' என்று ஒப்புக்கொண்டது. என் மனைவியும் இப்படித்தான் மாட்டிக்கொண்டாள். முருங்கை மரத்தைக் காட்டி "அங்க பாரு, தாத்தா!" என்று கொஞ்சினாள். பாப்பா மரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பாட்டியை ஒரு பார்வை பார்த்தாள். "இல்ல ஆச்சி, தாத்தா!" என்று மரத்தை நோக்கி விரலை ஆட்டினாள். அவள் காதில் இரண்டும் வேறு வேறாகவே கேட்டன. வாயில்தான் ஒன்றாக வந்தன.

அதனால்தான் குழந்தை சொல்வதை அப்படியே திருப்பிச் சொல்லிக் கொஞ்சுவதைக் குறைத்துக்கொண்டோம். "தப்பு, சரியாச் சொல்லு" என்று பிடித்து நிறுத்துவதும் இல்லை. "தாம்பு வேணும்" என்றால் "கிராம்பு வேணுமா? இந்தா" என்பதோடு சரி. ஆனால் வீட்டுக்குள் வேறொன்று நடந்துவிட்டது. அவள் கிராம்பைச் சரியாகச் சொல்லத் தொடங்கிய பிறகும் நாங்கள் தாம்பிலேயே நின்றுவிட்டோம். இன்றைக்கும் என் மனைவி டீ வைக்கும்போது "ரெண்டு தாம்பு தட்டிப் போடவா?" என்றுதான் கேட்கிறாள். பல வீடுகளில் இப்படித்தான். பிள்ளை வளர்ந்து வேலைக்குப் போனபிறகும் வீட்டார் மம்முவும் தச்சியும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

பல மொழிக்காரர் ஊரில் இன்னொரு சிக்கல்: எந்த மொழியில் தப்பு என்பதே தெரியாது. ஒரு தடவை கடைவாசலில் பாப்பா "பால், பால்" என்று அழுதாள். அங்கே நின்ற ராஞ்சி அம்மாள் பரிவோடு அவள் தலையைத் தடவி, முடியைக் கோதி, "அச்சா பால், அச்சா பால்" என்றார். இந்தியில் அது தலைமுடி. முதலெழுத்தைக் கொஞ்சம் அழுத்த வேண்டும், அவ்வளவே. குழந்தையின் ப-வுக்கு அந்த அழுத்தம் உண்டா இல்லையா என்று குழந்தைக்கே தெரியாது. கேட்டவர் தன் மொழியில் காத்திருந்தார், தன் மொழியிலேயே கேட்டது.

"மூணு பாஷை பேசற வீட்டுல பிள்ளைக்குப் பேச்சு லேட்டாத்தான் வரும்" என்று இங்கே அடிக்கடி சொல்வார்கள். அப்படி இல்லை என்பதே குழந்தைப் பேச்சை ஆராய்கிறவர்களின் முடிவு. பல மொழி கேட்டு வளரும் பிள்ளை சொற்களை எல்லா மொழிகளிலும் பங்கிட்டு வைத்திருக்கும். ஒரு மொழியை மட்டும் எண்ணினால் குறைவாகத் தெரியும். ஆனால் மொழிகளின் மேல் பழியைப் போட்டுவிட்டு உண்மையான தாமதத்தைக் கவனிக்காமல் விடவும் கூடாது. பொதுவாகச் சொல்லும் அளவு ஒன்று உண்டு: இரண்டு வயதில் பிள்ளை பேசுவதில் பாதியாவது வெளியாளுக்குப் புரிய வேண்டும், மூன்றில் முக்கால்வாசி, நான்கில் ஏறக்குறைய எல்லாம். அப்படி இல்லையென்றால் முதலில் காது நன்றாகக் கேட்கிறதா என்று டாக்டரிடம் காட்ட வேண்டும்.

உச்சரிப்பு சரியாக இருந்து பொருள் வழுக்குவது தனிக் கதை. அதில் எங்கள் ஊருக்கே உரிய ஒன்று நடந்தது. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் போர்ட் பிளேர்ப் பக்கத்துக் கரை ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்துபோனது. சுனாமி வந்து திரும்பியது. ஆனால் சிப்பிகாட்டின் தாழ்வான நெல் வயல்களுக்குள் புகுந்த உப்புத் தண்ணீர் திரும்பவில்லை. தரையே இறங்கிவிட்டபின் அது எங்கே போகும்? இன்று அங்கே கொக்கும் நீர்ப்பறவைகளும் நிற்கின்றன. பறவை பார்க்க கேமராவோடு ஆட்கள் வருகிறார்கள். ஆனால் என் வயதுக்காரர்கள் அந்தத் தண்ணீரைக் காட்டி இன்னும் 'வயல்' என்றுதான் சொல்வோம். "வயல்ல இன்னைக்குக் கொக்கு நிறைய", "வயலோரமாப் போகாதே, வழுக்கும்". பாப்பா அதைக் கேட்டு வளர்ந்தாள். வயல் என்று பிசிறில்லாமல் சொல்வாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கார்பின்ஸ் கோவ் கடற்கரைக்குக் கூட்டிப் போனோம். அலையைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கி, "பெய்ய வயல்!" என்றாள்.

எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும் சிரிப்பு பாதியில் நின்றது. பெரிய என்பது பெய்ய ஆனது அவள் கணக்கு. வயல் என்றால் உப்புத் தண்ணீர் என்பது எங்கள் கணக்கு. நாங்கள் விரலால் காட்டியதைத்தானே அவள் கற்றுக்கொண்டாள்?

மழலையைப் பற்றித் தமிழில் எல்லோருக்கும் முதலில் நினைவு வருவது வள்ளுவர். மக்கட்பேறு அதிகாரத்தில் குழலையும் யாழையும் அதற்குக் கீழே வைத்துவிட்டார். எனக்கு அதைவிட ஒட்டுவது ஔவையார் அதியமானைப் பார்த்துப் பாடிய புறநானூற்றின் 92-ஆம் பாட்டு. யாழ் இனிமையோடு சேராது, காலத்தோடு பொருந்தாது, பொருளும் விளங்காது என்று மழலையின் குறைகளை அவர் கூச்சமில்லாமல் அடுக்குகிறார். ஆனாலும் தகப்பனுக்கு அதைக் கேட்டால் அருள் பிறக்கிறது. என் சொல்லும் உனக்கு அப்படித்தான் என்கிறார். வள்ளுவர் இனிமையைச் சொல்லில் பார்த்தார். ஔவையார் அதைக் கேட்கிறவரிடம் கொண்டுபோய் வைத்தார். தாத்தாவாகி, காக்காவுக்கும் காகாவுக்கும் பங்கு கொடுத்துப் பெயரைச் சுமந்தவன் என்ற முறையில் நான் ஔவையார் கட்சி. மழலை புரிவது பேசுகிறவர் சாமர்த்தியத்தால் இல்லை. கேட்கிறவர் புரிந்துகொள்வது என்று முன்பே முடிவு பண்ணிவிடுகிறார். மீதியைச் சூழ்நிலை பார்த்துக்கொள்கிறது.

கேட்க ஆள் இல்லாவிட்டால் எந்தப் பேச்சும் நிலைக்காது என்பதற்கு இந்தத் தீவுகளிலேயே சாட்சி உண்டு. 2010 ஜனவரியில் இறந்த போவா சீனியர் என்ற பெரிய அந்தமானிய மூதாட்டிதான் போ மொழியின் கடைசிப் பேச்சாளர். மற்றவர்களோடு பேச அவரும் அந்தமான் இந்தி பழகிக்கொண்டார். அவர் மொழியை ஆராய்ந்த அன்விதா அப்பி, அந்தப் பாட்டி பறவைகளோடு தன் மொழியில் பேசுவார் என்று எழுதியிருக்கிறார். முழு இலக்கணத்தோடு பேசத் தெரிந்தவருக்கு ஒரு காது கிடைக்கவில்லை. அரைகுறையாகப் பேசிய என் பேத்திக்குத் தெருவே காது கொடுத்தது.

யோசித்துப் பார்த்தால் இந்த ஊர்ப் பெரியவர்கள் எல்லோருமே ஒருவருக்கொருவர் மழலைதான் பேசிக்கொண்டிருக்கிறோம். 1949 முதல் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள், ராஞ்சிப் பக்கத்திலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்கள், தமிழர், தெலுங்கர், மலையாளிகள் என்று ஆளுக்கு ஒரு இந்தி. ஆண்பாலும் பெண்பாலும் கலந்து கிடக்கும். டெல்லிக்காரர் கேட்டால் சிரிப்பார். இங்கே யாரும் சிரிப்பதில்லை. நிலம் வாங்கி விற்று, கல்யாணம் பேசி, சண்டை போட்டுச் சமாதானமானதெல்லாம் இந்தப் பேச்சில்தான்.

பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். க, ட, ழ எல்லாம் வந்துவிட்டன. இந்தியும் சுத்தமாக வருகிறது. போன வாரம் நான் வழக்கம்போல வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பக்கத்து வீட்டுக்காரரிடம் "கானா ஹோ கயா?" என்று கேட்டேன். சாப்பாடு ஆச்சா என்று விசாரிப்பது நம் வழக்கமல்லவா? அவர் "ஹோ கயா" என்று பதில் சொல்லிவிட்டு உள்ளே போனார். பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். "தாத்தா, நீங்க சாப்பாடு ஆச்சான்னு கேக்கல. பாட்டு முடிஞ்சுதான்னு கேக்குறீங்க!" மூச்சோடு சொன்னால் சாப்பாடாம், மூச்சில்லாமல் அழுத்திச் சொன்னால் பாட்டாம். என் தமிழ் வாய்க்கு இரண்டும் ஒரே கானாதான்.

மறுநாள் அவரிடமே கேட்டேன், இத்தனை வருஷமாக நான் எதைக் கேட்டேன் என்று நினைத்தீர்கள் என்று. "முதல்ல ரெண்டு நாள் எந்தப் பாட்டுன்னு யோசிச்சேன், சாச்சா. அப்புறம் நீங்க கேக்கறப்பல்லாம் உங்க கண்ணு எங்க அடுப்படியைப் பாக்கறதைக் கவனிச்சேன்" என்றார்.

பேத்தி இப்போது தினமும் எனக்குப் பாடம் எடுக்கிறாள். உள்ளங்கையை என் வாய்க்கு முன்னால் வைத்து, மூச்சுப் படுகிறதா என்று பார்க்கிறாள். பட்டபாடில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: நான் சாப்பாட்டைக் கேட்டு, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒருநாளும் பாட்டு பதிலாக வந்ததில்லை.